நீலத் தாள் வைத்தால் படிப்பு வந்துவிடுமா?

மலைக்கோட்டை_ரேவதி:
எழுத்து ஆடுகிறது என்று சொல்லும் பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் எழுத்து ஊடே தெரியும் நீலத் தாள் வைத்தால் டிஸ்லெக்சியா, அதாவது அறிவு இருந்தும் படிக்கத் தடுமாறும் கோளாறு, சரியாகிவிடும் என்று கண்ணாடி_அன்பு நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் மகனுக்கு மூன்றாம் வகுப்பில் இதைத்தான் செய்தோம், முதலில் தாள், அப்புறம் நீலக் கண்ணாடி, ஒரு வருடம் வீணாகப் போனது. "பட்டம்" என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு "க" போட்டுச் சொல்லடா என்றால் வராது. கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டுச் சொல் என்றாலும் வராது. கண்ணை மூடியவனுக்கு நீலத் தாள் என்ன செய்யும்?

கண்ணாடி_அன்பு:
பதினைந்து வருடமாகக் கண் சோதிக்கிறேன் அம்மா. விரல் வைத்துத் தடவித் தடவிப் படித்த பெண் குழந்தை, தாளை வைத்ததும் வரி தவறாமல் படித்ததை நேரில் பார்த்தவன் நான். ஹெலன் அர்லன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-லேயே சொன்னதுதான் இது. உங்கள் மகனுக்கு நிறத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

மலைக்கோட்டை_ரேவதி:
அவர் சொன்னால் ஆயிற்றா? நிறக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் ஆதாரமில்லை என்று 2009-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்தே அறிக்கை விட்டார்கள். 1896-ல் பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிய பெர்சிக்கு 14 வயது, பார்வை நன்றாக இருந்தது, கணக்கும் வந்தது, ஆனால் தன் பெயரைக்கூட "பிரெசி" என்று எழுதினான். உங்களிடம் வந்திருந்தால் அவன் கையிலும் ஒரு நீலத் தாளைக் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள்.

தமிழ்_வேங்கை:
இதெல்லாம் ஆங்கிலத்தால் வந்த வினை. எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று. தமிழில் எழுதியபடியே படிக்கலாம், நம் பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறே வராது.

மலைக்கோட்டை_ரேவதி:
என் மகன் தடுமாறுவதே தமிழில்தான் ஐயா. "கொக்கு" என்பதை "கெரக்கு" என்று படிக்கிறான். கொம்பு முன்னால் நிற்கிறது, பின்னால் வரும் துணைக்காலை "ர" என்று எடுத்துக்கொள்கிறான். கடல், தங்கம், மகன் மூன்றிலும் "க" ஒரே மாதிரியா ஒலிக்கிறது? இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் ஒட்டியே போகும், அங்கேயும் டிஸ்லெக்சியா இருக்கிறது.

தமிழ்_வேங்கை:
"க" இடத்துக்கேற்ப ஒலிப்பது நம் மொழியின் இயல்பு. உங்கள் வீட்டுப் பிரச்சினைக்குத் தமிழ் மீது பழி போடாதீர்கள்.

கண்ணாடி_அன்பு:
துணைக்காலை "ர" என்று எடுத்துக்கொள்கிறான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது கண் விஷயம்தானே? எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று இத்தாலியிலும் பிரான்சிலும் 2012-ல் ஆய்வே வந்தது. போன மாதமும் என்னை வியாபாரி என்றுதான் சொன்னீர்கள், மறக்கவில்லை.

மலைக்கோட்டை_ரேவதி:
அது இடைவெளி, நிறம் இல்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்காதீர்கள். பார்வையில் குறை இருக்கிறதா என்று சோதியுங்கள், அதை யார் வேண்டாம் என்றார்கள்? நான் கேட்பது ஒன்றுதான், கண்ணை மூடியும் "கட்டம்" வரவில்லையே, அதற்கு நீலத் தாள் என்ன செய்யும்?

கண்ணாடி_அன்பு:
அந்தக் கண்ணாடியின் நிறத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன்.

மலைக்கோட்டை_ரேவதி:
படம் எதற்கு? உங்களிடம் வரும் அடுத்த குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு "பட்டம்" கேளுங்கள். என்ன சொன்னது என்று இங்கே வந்து எழுதுங்கள்.