வெப்பநிலை சென்சாரை எங்கே பொருத்துவது? வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மேலூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மதுரை விமான நிலையத்தில் பதிவாகும் மழையை வைத்து எங்கள் வயலின் மழையைக் கணிக்க முடிவதில்லை. அதனால் வயர்லெஸ் வானிலைக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்குள் அதைச் சரியாகப் பொருத்திவிட வேண்டும்.

மழைமானிக்கு மொட்டை மாடியில் மட்டம் பார்த்து, தண்ணீர்த் தொட்டியை விட்டுத் தள்ளி இடம் பிடித்தாயிற்று. வெப்பநிலை சென்சார்தான் பெரும் பாடாக இருக்கிறது. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், நேர் வெயில் படாமல், காற்றோட்டமாக இருக்க வேண்டுமாம். மாடியில் தளத்தின் சூடு சேர்ந்து அளவு தாறுமாறாக ஏறுகிறது. கொல்லையில் நம்பும்படியான அளவு வருகிறது. ஆனால் கூடத்தில் அளவுகளைக் காட்டும் திரைக்கு சிக்னல் எட்டவில்லை. இடையில் இரண்டு கான்கிரீட் சுவர்கள், ஒரு தகரக் கொட்டகை. கொல்லைப்புற இரும்புக் கதவைத் திறந்தால் எண்கள் தெரிகின்றன, சாத்தினால் வெறும் கோடுகள்தான். பேட்டரி புதியது.

கருவி 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இதற்கு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) பயன்படுத்தியவர்கள் உண்டா? சென்சாரைக் கம்பத்தில் இன்னும் உயர்த்தினால் சிக்னல் தகரத்தைத் தாண்டி வருமா, அளவு கெடுமா? வெயில் தடுப்புக் கூடு மதுரையில் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.