சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர்களுக்கு மின்சாரக் கார் ஒத்துவருமா?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். எங்கள் பெட்ரோல் காரின் வாகன உரிமைச் சான்றிதழ் (கார் வைத்திருப்பதற்கான அனுமதி) அடுத்த ஆண்டு முடிவடைவதால், மின்சாரக் கார் வாங்கலாமா என்று நானும் என் கணவரும் யோசித்து வருகிறோம். 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய்மையான எரிசக்திக்கு மாற வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. ஆகவே, இப்போதே மாறுவதா, இன்னொரு பெட்ரோல் காருக்குப் பிறகு மாறுவதா என்பதுதான் கேள்வி.

ஓட்டும் செலவு குறையும் என்பதை நம்புகிறேன். ஆனால் எரிபொருள் வரிக்கு ஈடாகச் சாலை வரியில் ஆண்டுக்கு 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலாகச் சேர்வதை விற்பனையாளர்கள் ஏனோ முதலில் சொல்வதில்லை.

பெரிய கவலை மின்னூட்டம்தான். ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பல மாடி வாகன நிறுத்துமிடத்தில் மின்னூட்டிகள் சிலவே உள்ளன; இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அவை நிறைந்துவிடுகின்றன, மின்னூட்டம் முடிந்த கார்களும் விடியும்வரை கம்பியோடு அங்கேயே நிற்கின்றன. வீவக வீடுகளில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பள்ளி விடுமுறையில் மலேசியாவின் ஈப்போவிலுள்ள மாமியார் வீட்டுக்குக் காரில்தான் செல்வோம். உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியைக் கடக்க முக்கால் தொட்டி பெட்ரோல் வேண்டும் என்ற விதியிலிருந்து விடுதலை கிடைப்பது மகிழ்ச்சியே. எனினும், தீபாவளி நெரிசலில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மின்னூட்ட எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது என்பதை அவ்வழியே சென்றவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மின்கலத்துக்குப் பொதுவாக 8 ஆண்டு உத்தரவாதமே தருகிறார்கள். சான்றிதழோ 10 ஆண்டுக்கானது. பயன்படுத்திய மின்சாரக் காரை விற்றவர்கள் இருந்தால், மின்கலத்தின் நிலையை வாங்குபவர் எப்படிச் சோதித்தார், விலையில் எவ்வளவு குறைத்தார் என்பதையும் அருள்கூர்ந்து எழுதுங்கள்.