செட்டிநாட்டு மரங்கொத்திகள்: பிடரி தெரியும் படம் இருந்தால் தாருங்கள்

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் பறவை பார்ப்பவர்களிடம் ஓர் உதவி வேண்டும். ஊருணிக்கரைத் தென்னை, புளி, வேம்புகளில் தங்க நிற முதுகோடு ஏறுவது பெரும்பாலும் பொன்முதுகு மரங்கொத்திதான். ஆனால் வெண்பிடரி மரங்கொத்தியையும் அதே பெயரில் பதிந்துவிடுகிறோம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும்.

வாலடி, அதாவது முதுகு வாலோடு சேரும் இடம், இரண்டுக்குமே கறுப்பு. அதை வைத்துப் பிரிக்க முடியாது. பிடரியைப் பாருங்கள். பொன்முதுகுக்குக் கறுப்பு; மற்றதற்குப் பின்கழுத்திலிருந்து மேல்முதுகு வரை பளிச்சென்று வெள்ளை. தொண்டை பொன்முதுகுக்கு வெள்ளைப் புள்ளி தெளித்த கறுப்பு. வெண்பிடரிக்கு வெள்ளையில் மெல்லிய கறுப்புக் கோடுகள். பெண் என்றால் இன்னும் எளிது: வெண்பிடரிப் பெண்ணின் உச்சி மஞ்சள். பொன்முதுகுப் பெண்ணுக்கு நெற்றி வெள்ளைப் புள்ளியிட்ட கறுப்பு, கொண்டை மட்டும் சிவப்பு.

கீழிருந்து வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் எல்லாமே நிழலுருவாகிவிடும். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். பறவை தண்டின் மறுபக்கம் ஒளிந்தால் துரத்த வேண்டாம். அசையாமல் நின்றால் கொஞ்சம் மேலே தலை நீட்டும். பொந்து தெரிந்தால் தள்ளியே நில்லுங்கள், ஒலிப்பதிவு போட்டு அழைக்காதீர்கள்.

பழைய படமானாலும் பரவாயில்லை. ஊர், மாதம், மரம் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். பொந்து இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் எழுத வேண்டாம்.