மூன்று சைல்டு சீட், ஒரு முழங்கால் வலி: இதற்கு 4.6 மீட்டர் வண்டிதான் வேண்டுமா?

மும்மழலை:

இப்போது இருப்பது 3.7 மீட்டர் நீளம், 1.65 மீட்டர் அகலமுள்ள ஹேட்ச்பேக். மாற்றலாம் என்று நினைக்க மூன்று காரணங்கள். பின்னால் மூன்று குழந்தைகள், மூவருக்கும் சைல்டு சீட் கட்ட வேண்டும். முன்னால் உட்காரும் பெரியவருக்கு முழங்கால் வலி. தாழ்வான சீட்டில் உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. வருடத்தில் நான்கைந்து முறை ஐந்து பேரும் மூட்டை முடிச்சோடு நீண்ட பயணம் போக வேண்டும். மற்ற நாட்களில் ஓட்டம் 6 கி.மீ.க்குள்தான், அதுவும் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ.

விசாரித்த இடத்திலெல்லாம் 4.6 மீட்டர் நீளம், 1.85 மீட்டர் அகலம் என்று எஸ்யூவியைத்தான் காட்டுகிறார்கள். நிறுத்தும் இடம் 2.4 மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் வேறு வண்டிகள். பெரிய வண்டி எடுத்தால் இந்த மூன்றும் தீருமா? வேறு வழி இருக்கிறதா? எல்லா மாடலும் ஏன் இப்படிப் பெருத்துக்கொண்டே போகின்றன என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சாணி:

நீங்கள் சொன்ன மூன்றில் எதுவும் வெளி நீளத்தால் தீருகிற விஷயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில் சைல்டு சீட். ஐ-சைஸ் என்ற ஐரோப்பியச் சைல்டு சீட் விதிப்படி வரும் பூஸ்டர் சீட்டுகளுக்கு அதிகபட்ச அகலம் 44 செ.மீ. மூன்று வைத்தால் 132 செ.மீ. இந்த அளவு இரண்டு கதவுகளுக்கும் நடுவே தோள் உயரத்தில் இருந்தால் மட்டும் போதாது. கதவின் கைப்பிடித் திண்டு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் உயரத்திலும் அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில், சைல்டு சீட்டை வண்டியின் உடலோடு நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி ஓரத்து இரண்டு சீட்டுகளுக்குத்தான் உண்டு. நடுவில் வைப்பது பெல்ட்டால் கட்டும் வகையாக இருக்க வேண்டும். அதையும்விட அதிகம் தகராறு செய்வது பெல்ட்டின் பக்கிள். பக்கத்துச் சீட்டின் அடிப்பாகம் பக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், கையை நுழைத்துப் பூட்டவே முடியாது. எஸ்யூவி என்பதால் இது மாறிவிடாது. கதவுக்குள் குறுக்குக் கம்பி, இடிதாங்கும் நுரை, ஸ்பீக்கர், ஜன்னல் மோட்டார் என்று எல்லாம் இருப்பதால் கதவே தடித்துவிட்டது. வெளியே 10 செ.மீ. கூடினால் உள்ளே 10 கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். பின்சீட்டு மூன்றும் தனித்தனி இருக்கைகளாக இருக்கும் சிறிய எம்பிவி (வேன் போல உயர்ந்த குடும்ப வண்டி), 1.85 மீட்டர் எஸ்யூவியைவிட உங்களுக்கு உதவும்.

அடுத்தது முழங்கால். தரையிலிருந்து சீட்டின் வெளி விளிம்பு வரை அளந்து பாருங்கள். 50 முதல் 60 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலோர் பின்பக்கத்தை நேராகச் சீட்டில் வைத்து, காலை உள்ளே திருப்பிவிடலாம். அதற்குக் கீழே போனால் உட்கார்வது விழுவது போல இருக்கும். மேலே போனால் ஏற வேண்டும், இறங்கும்போது கால் தரையைத் தேடும். முழங்கால் வலிக்கு அந்த இறக்கம்தான் ரொம்பக் கொடுமை. பெரிய எஸ்யூவிகளில் இந்த அளவு 70 செ.மீ.யைத் தாண்டுவது சகஜம். கூடவே கதவடிப் பட்டையின் அகலத்தையும் பாருங்கள். அது அகலமாக இருந்தால் காலை எட்டிப்போட்டுத்தான் இறங்க வேண்டும். உயரம் கூடின ஹேட்ச்பேக்கும் சிறிய எம்பிவியும் இந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துகின்றன. பெரியவரையே கூட்டிக்கொண்டு போய் ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவையை வைத்து முடிவு செய்யக் கூடாது.

நிறுத்துமிடத்துக் கணக்கு இப்படி. 2.4 மீட்டர் கட்டத்தில் 1.85 மீட்டர் வண்டிகள் வரிசையாக நின்றால் இரண்டு வண்டிக்கு நடுவே 55 செ.மீ. 1.65 மீட்டர் வண்டிகள் என்றால் 75 செ.மீ. அந்த 55-லிருந்து திறந்த கதவின் தடிமனையும் கழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் சந்தில் நின்றுகொண்டு குழந்தையைத் தூக்கி உள்ளே வைத்து பெல்ட் போட வேண்டும். பின்கதவு ஸ்லைடிங் ஆக இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. மூன்று சைல்டு சீட் உள்ள வீட்டுக்கு நான் முதலில் கேட்கச் சொல்வது அந்தக் கதவைத்தான்.

குதிரைத்திறன்:

ஏன் பெருத்தது என்ற கேள்விக்கு.

1959-ல் வந்த முதல் மினி 3.05 மீட்டர் நீளம்தான். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, 10 அங்குலச் சக்கரம் போட்டு, நான்கு பெரியவர்களை அதற்குள் உட்கார வைத்தார். 1974-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 3.7 மீட்டர் நீளம், 1.61 மீட்டர் அகலம். எட்டாவது தலைமுறை கோல்ஃப் 4.28 மீட்டர், 1.79 மீட்டர். பெயர் ஒன்றுதான், வண்டி வேறு.

இதில் ஒரு பகுதி நியாயமானது. மோதினால் மடங்கிச் சக்தியை உறிஞ்ச முன்பக்கத்தில் நீளம் வேண்டும், பக்கவாட்டு மோதலுக்குக் கதவில் தடிமன் வேண்டும். கூரை நசுங்காமலிருக்க, முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் உள்ள தூணான ஏ-பில்லர் தடித்ததும் அதே வகை. அந்தத் தடித்த தூணுக்குப் பின்னால் சாலையைக் கடக்கும் ஆளே மறைந்துபோகிறார் என்பது வேறு பிரச்சினை. ஆனால் மீதிப் பகுதிக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் 2011-லிருந்து கார்களுக்கும் எரிபொருள் இலக்கு நான்கு சக்கரங்களுக்கு நடுவே அடங்கும் பரப்பைப் பொறுத்து நிர்ணயிக்கப்பட்டது. பரப்பு கூடினால் இலக்கு தளரும். எஸ்யூவிகளில் பல இலகு டிரக் வகைக்குள் வருவதால் அவற்றுக்குக் கார்களைவிடத் தளர்வான இலக்கு. சின்ன வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் தயாரிப்புச் செலவில் உள்ள வித்தியாசத்தைவிட விற்கும் விலையில் வித்தியாசம் அதிகம் என்பதால் நிறுவனங்களுக்கும் பெரியதை விற்பதில்தான் லாபம். உடல் கனத்தால் பிரேக், ஸ்பிரிங், சக்கரம், எஞ்சின் எல்லாம் பெரிதாக வேண்டும்; அவை சேர்ந்து இன்னும் கனம் கூட்டும்.

பெட்ரோலோ மின்சாரமோ, செலவு எங்கே போகிறது என்று பாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ளுவதுதான் பெரிய வேலை. ஹேட்ச்பேக்குக்குக் காற்றுத்தடைக் குணகம் 0.30, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று வைத்தால் தடை ஏறக்குறைய 305 நியூட்டன். எஸ்யூவிக்கு 0.35, 2.8 சதுர மீட்டர் என்றால் 454 நியூட்டன். டயர் உருளும் தடை 1,200 கிலோ வண்டிக்கு 118, 2,000 கிலோ வண்டிக்கு 196. கூட்டினால் 423-க்கு 650. அதே ஐந்து பேரை அதே இடத்துக்குக் கொண்டுபோக ஒன்றரை மடங்கு உழைப்பு. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்பு இருந்தால் உராய்வு இன்னும் கொஞ்சம் கூடும்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஓட்டுநரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில், பானட்டின் முன்விளிம்பு 1.1 மீட்டர் உயரத்தில், இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் தூரம் என்று வையுங்கள். பார்வை 2 மீட்டருக்கு 40 செ.மீ. இறங்குகிறது. அந்தச் சரிவில் தரையைத் தொட பம்பருக்கு முன்னால் இன்னும் 5.5 மீட்டர் போக வேண்டும். 90 செ.மீ. உயரமுள்ள குழந்தை பம்பரிலிருந்து 1 மீட்டருக்குள் நின்றால் உச்சந்தலைகூடத் தெரியாது. பானட் விளிம்பு 75 செ.மீ. உயரத்தில் இருக்கும் வண்டியில் அதே குழந்தை பம்பரை ஒட்டி நின்றாலும் தலை கண்ணில் படும். ஐஐஹெச்எஸ் என்ற அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்விலும் இதன் மறுபக்கம் இருக்கிறது: பானட் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டி மோதினால், 30 அங்குலமும் அதற்குக் கீழும் சரிந்த முகப்புள்ள வண்டியைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். உயரமான முகப்பு காலில் படாமல் இடுப்பிலும் நெஞ்சிலும் தலையிலும் படுவதால் வரும் வினை.

ஷோரூமில் இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஒருவர் ஓட்டுநர் சீட்டில் இருக்கட்டும். இன்னொருவர் ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் நட்டு, பம்பரிலிருந்து முன்பக்கமாக விலகிப் போகட்டும். குச்சியின் நுனி தெரிய ஆரம்பித்த இடத்தில் நின்று தூரத்தை அளந்துகொள்ளுங்கள். முன்கேமரா இருக்கிறது என்பார்கள். அதில் சேறு படிந்தால் ஒன்றும் தெரியாது.

அச்சாணி:

குதிரைத்திறன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெளி அளவுக்கு வரம்பு போட்டால் உள்ளே இடத்தைத் தேடி எடுக்கிறார்கள் என்பதற்கு ஜப்பானின் கேய் வகை வண்டிகள் சாட்சி. 1998-லிருந்து உச்ச அளவு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, உயரம் 2.0, எஞ்சின் 660 சிசி. சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளி, கூரையை உயர்த்தி, சீட்டை நிமிர்த்தி வைத்ததில் பின்சீட்டுக் கால் இடம் நடுத்தர செடானுக்கு ஈடாக இருக்கும். உங்களுக்கு அது ஆகாது, ஏனென்றால் நான்கு பேருக்கு மட்டுமே அனுமதி. ஆனால் அதே சூத்திரம் 4 மீட்டர் வண்டிகளிலும் உண்டு. 2001-ல் வந்த ஹோண்டா ஃபிட் பெட்ரோல் டேங்கை முன்சீட்டுக்கு அடியில் கொண்டுபோனது. அதனால் பின்சீட்டின் அடிப்பாகத்தை நிமிர்த்தி மடித்தால் தரையிலிருந்து கூரை வரை காலி. டிக்கி லிட்டர் கணக்கைப் பார்ப்பதைவிட இப்படித் தளத்தைப் பார்ப்பது உதவும்.

பெடல்மேளம்:

6 கி.மீ. தினசரி ஓட்டம்தான் உங்கள் கேள்வியில் மறைந்திருக்கும் பதில். வருடத்தில் ஐந்து பயணத்துக்காக வாங்கும் உடம்பை 360 நாள் சுமக்க வேண்டாம். மின் உதவியுள்ள சுமை சைக்கிள் அந்த ஓட்டத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வகை உண்டு. முன்பெட்டி வகையில் ஹேண்டிலுக்கும் 20 அங்குல முன்சக்கரத்துக்கும் நடுவே பெட்டி இருக்கும். நீளம் ஏறக்குறைய 2.5 மீட்டர், இரண்டு குழந்தைகளை பெல்ட்டோடு உட்கார வைக்கலாம். நீள்வால் வகையில் பின்கேரியர் நீண்டிருக்கும். குட்டை, திருப்ப எளிது, மாடிப்படி ஓரத்திலும் நிறுத்தலாம். மூன்று சக்கரம் பத்திரம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். சக்கரம் சாயாத வகை என்றால் வளைவில் வேகமாகத் திருப்பும்போது உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

மோட்டார் பெடல் அச்சில் இருந்தால் மேட்டில் கியரின் பலன் கிடைக்கும். ஆனால் செயின் சீக்கிரம் தேயும். செயின் அளவியை வைத்து 0.5 சதவீத நீட்சி வந்ததும் மாற்றினால் பின்பல்சக்கரம் பிழைக்கும். தள்ளிப்போட்டால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், குறைந்தது 180 மி.மீ. தட்டு. சுமையோடு இறங்கும்போது பேட் சாதாரண சைக்கிளைவிட வெகு சீக்கிரம் கரையும். உராய்வுப் பகுதி 1 மி.மீ.க்கு வந்தாலே மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்குகள், ஹப்பில் மாட்டும் வளைந்த முனையில் ஒடிவது இந்த வண்டிகளின் வழக்கமான வியாதி. 36 தடித்த ஸ்போக் கேளுங்கள், முதல் 300 கி.மீ. ஓடியதும் இழுவிசையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முன்பெட்டி வகையில் ஸ்டீயரிங் தண்டின் இரு முனை மூட்டுகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

500 வாட்-மணி பேட்டரியில், சுமையோடு கி.மீ.க்கு 10 முதல் 15 வாட்-மணி செலவானால் 33 முதல் 50 கி.மீ. ஓடும். உங்கள் ஓட்டத்துக்கு ஐந்து முதல் எட்டு நாளுக்கு ஒரு சார்ஜ். ஏற்றும்போது இரட்டைக்கால் ஸ்டாண்டு கீழே இருக்கட்டும், கனமானவை அடியில், குழந்தை கடைசியாக. இறக்கும்போது குழந்தை முதலில். இந்த வரிசை மாறினால்தான் நின்ற வண்டி சாயும்.

45 கி.மீ. வேக வரம்புள்ள சின்ன மின்வண்டிகளையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஐரோப்பாவில் அவை கார் வகையில் வராததால் கார்களுக்கான மோதல் சோதனைகள் கட்டாயம் இல்லை. அவற்றைவிடக் கனமான அடுத்த வகையில் சிலவற்றை, கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2014-லும் 2016-லும் சோதித்தபோதே முடிவுகள் மோசமாக இருந்தன. வேகம் குறைந்த தெருக்களுக்கு மட்டும் சரி.

மும்மழலை:

டேப்போடு போய் அளந்தாயிற்று. எஸ்யூவியில் பின்சீட்டு தோள் உயரத்தில் 138 செ.மீ., கைப்பிடித் திண்டுக்கு நடுவே 129. ஸ்லைடிங் கதவுள்ள 4.2 மீட்டர் எம்பிவியில் 140-ம் 134-ம். முன்சீட்டு உயரம் எஸ்யூவியில் 73, எம்பிவியில் 58. ஆக எம்பிவிதான். ஆனால் டிக்கி 400 லிட்டர் சொச்சம்தான். ஐந்து பேர் மூட்டைக்கு மேலே ரூஃப் பாக்ஸ் போடலாமா?

அச்சாணி:

போடலாம், எடைக் கணக்கை மட்டும் விடாதீர்கள். கையேட்டில் கூரைச் சுமை வரம்பு இருக்கும், பல வண்டிகளில் 75 கிலோ. குறுக்குக் கம்பி 5, பெட்டி 15 முதல் 20 கிலோ என்று கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது 50 முதல் 55 கிலோ. துணி, போர்வை, படுக்கை மேலே போகட்டும். தண்ணீர் கேன், கருவிகள் எல்லாம் டிக்கித் தளத்தில் பின்சீட்டு முதுகை ஒட்டி. அடுத்து, மொத்த அனுமதி எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்துவிட்டு, ஐந்து பேர், மூன்று சைல்டு சீட், சாமான் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இந்த வித்தியாசம் பல எஸ்யூவிகளிலும் 450, 500 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், எம்பிவி அதற்குப் பெரிதாக இளைத்ததில்லை. முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும், பின்டயருக்குத் தனி எண். 50 கி.மீ. ஓடியதும் இறங்கிக் கம்பியின் கிளாம்பை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பயணம் முடிந்ததும் பெட்டியோடு கம்பியையும் கழற்றிவிடுங்கள். காலிக் கம்பிகூடக் காற்றைக் கிழித்து விசிலடிக்கும், மைலேஜையும் தின்னும்.

எம்பிவி எடுக்கும் முன் மூன்று சைல்டு சீட்டையும் கொண்டுபோய்க் கட்டிப் பார்த்துவிடுங்கள். நடுச் சீட்டின் பக்கிள் ஒரு கையால் பூட்ட வருகிறதா என்பதுதான் சோதனை. வரவில்லை என்றால் நடுவில் அடிப்பாகம் ஒடுங்கிய சீட்டைப் போடுங்கள். பக்கிள் நீட்டும் துண்டுப்பட்டையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பக்கிள் சீட்டின் விளிம்பில் வந்து உட்காரும், மோதலில் அங்கே நெம்பித் திறந்துகொள்ளும்.