மைலோ டின்னுல வந்த சிலுவை

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயம் ஒன்னு இடிக்கப் போறாங்கன்னா ஒரு வாரம் முந்தியே பழைய சாமான் லோரி வந்து நின்னுரும். அப்படி ஒரு லோரிக்காரன்கிட்ட மைலோ டின்னு ஒன்னு, உள்ள பட்டன், சல்லிக்காசு, அறுந்த ஜெபமாலைன்னு என்னென்னமோ, அதுக்கடியில ஒரு விரல் நீளத்துக்கு கறுத்துப்போன பித்தளை சிலுவை. நாப்பது வெள்ளி கேட்டான், குடுத்துட்டேன்.

வீட்டுல டூத் பிரஷ் போட்டு தேய்க்கும்போதுதான் அடியில சின்ன திருகாணி தெரிஞ்சுச்சு. கழட்டுனா சிலுவை பெட்டி மாதிரி தொறக்குது! உள்ள செவப்பு மெழுகு முத்திரை, முடி மாதிரி செவப்பு நூலு, எறும்பு ஊர்ற மாதிரி லத்தீன் எழுத்துல துண்டுத் தாளு. படிக்கணும்னு ஆசைல மெழுக நகத்தால பேத்துட்டேன். 'எக்ஸ் ஒஸ்'னு இருந்துச்சு, அப்படின்னா எலும்புலருந்துன்னு அர்த்தமாம், பேரு ஈரத்துல போயிருச்சு. அம்மா அன்னைக்கே மெழுகுவத்தி ஏத்திட்டாங்க, பொண்டாட்டி ரூம்ல வைக்கக்கூடாதுன்னுட்டா.

ஃபாதர்கிட்ட காட்டுனேன். திருப்பண்டம்பா, புனிதரோட எலும்புத் துண்டு, அந்த முத்திரைதான் யாரும் தொறக்கலங்கிறதுக்கு சாட்சி, அதையே ஒடைச்சிட்டியேன்னாரு.

*

தம்பி, ஒனக்காச்சும் நெசமான சாமான். நான் பைசண்டைன் காலத்து வெண்கல சிலுவைன்னு, அதான் ரெண்டு பாதி கீல் போட்டு கழுத்துல தொங்கவிடுவாங்களே, ஆன்லைன்ல முந்நூறு வெள்ளிக்கு வாங்கி பஞ்சுல அசிட்டோன் தொட்டு தேச்சேன், ஆயிரம் வருஷத்து பச்சைக் களிம்பு அப்படியே பஞ்சுல வந்துருச்சு, வெறும் பெயிண்டு லா. இன்னொரு கூத்து, 1983 திருச்சபை சட்டம் 1190-ல திருப்பண்டத்த விக்கவே கூடாதுன்னு இருக்கு, அதனால விக்கிறவனுங்க காசு டப்பாவுக்கு மட்டும், உள்ள இருக்கிறது இனாம்னு எழுதுறானுங்க. நல்ல வியாபாரம்.

*

எங்க பாட்டிகிட்டயும் இப்படி ஒன்னு இருந்துச்சு. ஜூலை 26 புக்கிட் மெர்தாஜம் அன்னம்மா திருநாளுக்கு போகும்போது மட்டும் முந்தானைல முடிஞ்சு எடுத்துட்டு போவாங்க, மத்த நாளு அரிசி டின்னுக்குள்ள. அதோட ஒரு தாளும் இருக்கும், அச்சடிச்ச லத்தீன், மேல குஞ்சம் தொங்குற தொப்பி போட்ட ஆயர் சின்னம், பேரு மட்டும் பேனாவுல எழுதி, சிலுவைக்குள்ள இருக்கிற அதே முத்திரை. அந்தத் தாளு இருந்தா எந்தப் புனிதர்னு சொல்லிரலாம் தம்பி. டின்னுல நாலா மடிச்ச தாளு ஏதாச்சும் இருந்துச்சா?

*

இருந்துச்சு அக்கா. பிரவுன் கலர்ல, கரப்பான் நாத்தம். அதுலதான் லோரிக்காரன் சிலுவைய சுத்திக் குடுத்தான், நான் பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டில போட்டுட்டு கோப்பி குடிக்க போய்ட்டேன்.