சோப், ரெஸ்ட், ஜிஆர்பிசி: வேலையில் பார்த்தது

வெப் சர்வீஸ் என்றால் இரண்டு மென்பொருள்கள் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. ஒன்று ஜாவாவிலும் மற்றது பைத்தானிலும் இருந்தாலும் பரவாயில்லை. எந்த முறையில் பேசுகின்றன என்பதில்தான் நமக்கு வேலையே. சோப் (SOAP), ரெஸ்ட் (REST), ஜிஆர்பிசி (gRPC) அப்படி மூன்று முறைகள். நான் சோப்பில் தொடங்குகிறேன், மற்ற இரண்டையும் நீங்கள் இருவரும் எழுதுங்கள்.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய சர்வீஸோடு எங்கள் அப்ளிகேஷனை இணைக்க வேண்டியிருந்தது. அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு டபிள்யூஎஸ்டிஎல் ஃபைல், அதாவது சர்வீஸின் முழு விவரக் குறிப்பு. என்னென்ன ஆபரேஷன், எந்த ஃபீல்டு கட்டாயம், எது தேதி, எது எண், எல்லாம் அதிலேயே இருந்தது. சர்வீஸைக் கூப்பிடும் எங்கள் பக்கத்து கிளையண்ட் கோடையும் அதிலிருந்தே டூல் எழுதிக் கொடுத்துவிட்டது. சோப்பில் செய்தி போவது எக்ஸ்எம்எல் என்ற டேக் போட்ட எழுத்து வடிவத்தில். அதில் பெயரும் பிறந்த தேதியும் இடம் மாறினால்கூட நிராகரிக்கும். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. சந்தேகம் கேட்டு யாருக்கும் போன் போட வேண்டியிருக்கவில்லை.

—

அண்ணா, கண்டிப்பு இல்லாத பக்கத்தை நான் சொல்கிறேன். ராய் ஃபீல்டிங் 2000-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட்டை ஒரு கட்டமைப்புப் பாணியாகத்தான் விவரித்தார். சோப் போல எழுதிவைத்த புரோட்டோகால், அதாவது விதித்தொகுப்பு, இல்லை. அதனால் ஆளுக்கொரு ரெஸ்ட்.

நாங்கள் இணைத்த ஒரு கூரியர் ஏபிஐ (வெளி மென்பொருள்கள் கூப்பிடும் வாசல்) எதற்கும் 200 என்றே பதில் அனுப்பும். வெப்பின் புரோட்டோகாலான எச்டிடிபியில் 200 என்றால் ‘எல்லாம் சரி’. பதிலோடு வரும் தகவலான ஜேசனைத் திறந்தால் உள்ளே ‘ஸ்டேட்டஸ்: ஃபெயில்டு’. எங்கள் மானிட்டரிங் 200-ஐ மட்டும் பார்த்துப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது, பார்சல் ஒன்றும் புக் ஆகவில்லை. ரிக்வெஸ்ட் தப்பு என்றால் 400, கேட்ட பார்சலே இல்லை என்றால் 404, அவர்கள் சர்வரில் கோளாறு என்றால் 500. எச்டிடிபியில் இத்தனையும் தயாராக இருக்கும்போது பயன்படுத்தாமல் விடுவது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அப்புறம் டைம்அவுட். பதில் வரவில்லை, ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. எச்டிடிபி ரிக்வெஸ்ட் வகைகளில் கெட் (எடுப்பது), புட் (மாற்றி வைப்பது), டெலீட் (நீக்குவது) என்றால் தைரியமாகத் திரும்ப அனுப்பலாம். எத்தனை முறை போனாலும் விளைவு ஒன்றுதான். புதிதாக ஒன்றைப் பதிவுசெய்யும் போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகலாம். பணம் புழங்கும் இடத்தில் ஐடெம்பொட்டன்சி கீ (ரிக்வெஸ்ட்டோடு அனுப்பும் தனி அடையாளக் குறி) இல்லாத போஸ்ட்டை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்தக் கீ இருந்தால், இரண்டாவதாக வருவதும் அதே ரிக்வெஸ்ட்தான் என்று சர்வர் கண்டுபிடித்துவிடும்.

—

எங்கள் டீமில் சர்வீஸ்கள் தங்களுக்குள் பேசுவது எல்லாம் ஜிஆர்பிசி. 2015-இல் கூகுள் வெளியிட்டது. அண்ணன் சொன்ன கண்டிப்பு இங்கே புரோட்டோ ஃபைலில் இருக்கிறது, ஆபரேஷன்களும் ஃபீல்டுகளும் அதில்தான் எழுதப்படும். எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் மனிதர் நேரடியாகப் படிக்க முடியாத பைனரி, அது எச்டிடிபியின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி/2 மேல் போகும். பிரவுசர் மட்டும் நேரடியாகக் கூப்பிட முடியாது, நடுவில் மாற்றிக் கொடுக்கும் ப்ராக்ஸி சர்வர் வேண்டும். அதனால் வெளியாட்களுக்கு ரெஸ்ட்டையே வைத்திருக்கிறோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. புரோட்டோவில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஓர் எண் உண்டு. நெட்வொர்க்கில் போவது ஃபீல்டின் பெயர் இல்லை, அந்த எண்தான். ஒரு ஃபீல்டை நீக்கினால் அதன் எண்ணை ‘ரிசர்வ்டு’ என்று போட்டுவிடுங்கள், வேறு ஃபீல்டுக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், பழைய கிளையண்ட் புதிய மதிப்பைப் பழைய ஃபீல்டாகவே படித்துவிடும், எரர்கூட வராமல் போகலாம். கோடு ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.