பெயர் பொறித்த வெப்லி மார்க் VI: உரிமை வரலாற்றை எப்படிச் சரிபார்ப்பது?

அரும்பொருள்:
முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ராணுவக் கைத்துப்பாக்கியான வெப்லி மார்க் VI ரிவால்வர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. .455 காலிபர், ஃபிரேமில் 1916. கைப்பிடியின் பின்பட்டையில் ஒரு கேப்டனின் பெயர், கீழே "ஆர்.ஏ.எஸ்.சி. 1916". கூடவே தோல் உறையும், "தாத்தா சொந்தப் பணத்தில் கடையில் வாங்கியது" என்று குடும்பத்தார் எழுதிய கடிதமும் உண்டு. பெயர் இல்லாத துப்பாக்கியின் விலையைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். முடிவெடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆவணப்பித்தன்:
பொறிப்பே இடிக்கிறது. ஆர்.ஏ.எஸ்.சி., அதாவது ராயல் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற பிரிட்டிஷ் ராணுவ வழங்கல் படைப்பிரிவுக்கு "ராயல்" பட்டம் 1918-இல்தான் கிடைத்தது. 1916-இல் அது வெறும் ஏ.எஸ்.சி. போர் முடிந்தபின் நினைவுக்காகப் பொறித்திருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் போர்க்காலப் பொறிப்பு என்று சொல்லி விற்றால் ஏற்காதீர்கள்.

அடுத்து, கடிதத்தில் துப்பாக்கியின் வரிசை எண் இருக்கிறதா? எண் இல்லாத கடிதத்தை எந்த வெப்லியோடும் சேர்த்து வைக்கலாம். அதிகாரி நிஜமாக இருந்தார் என்பதும், இந்தத் துப்பாக்கி அவருடையது என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு விடை எளிது: நியமனம், பதவி உயர்வு தேதிகளுக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட், கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதிகாரிகளின் கோப்புகளுள்ள டபிள்யூ.ஓ. (போர்த்துறை) 339 தொடர், பிராந்தியப் படை அதிகாரி என்றால் டபிள்யூ.ஓ. 374, பதக்க அட்டைகளுக்கு டபிள்யூ.ஓ. 372. அவர் எப்போது கேப்டன் ஆனார் என்று பாருங்கள். 1916-க்குப் பிறகு என்றால் பொறிப்பு இன்னொரு முறை இடிக்கும்.

நீலப்பூச்சு:
உலோகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பழைய பொறிப்பின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும், பள்ளத்தின் அடியும் சுற்றியுள்ள உலோகத்தின் நிறத்துக்கு வந்திருக்கும். விளிம்பில் பிசிறும் அடியில் பளபளப்பும் இருந்தால் அண்மையில் வெட்டியது. பட்டை தேய்ந்து எழுத்து மட்டும் கூர்மையாக நிற்பதும் அதே கதைதான்.

ஃபிரேம், பேரல், சிலிண்டர் மூன்றிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். சிலிண்டரின் பின்முகத்தைக் கட்டாயம் பாருங்கள். அமெரிக்காவுக்குப் போன பலவற்றில், .45 ஏ.சி.பி. என்ற அமெரிக்கக் கைத்துப்பாக்கித் தோட்டாவைக் கிளிப்போடு (தோட்டாக்களைப் பிடித்து நிறுத்தும் தகடு) போடுவதற்காக அதைச் சீவிவிட்டார்கள். சீவிய சிலிண்டரில் .455 தோட்டா பின்பக்கம் தளர்ந்து ஆடும், ஏ.சி.பி.யின் அழுத்தமோ இந்தத் துப்பாக்கிக்கு மிக அதிகம். சேகரிப்பு மதிப்பும் சரியும்.

அரசு முத்திரையான அகன்ற அம்புக்குறி இருக்கிறதா? இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்து நின்றால், அரசுச் சொத்தாக இருந்து பின்னர் வெளியே விற்றது என்று பொருள்.

அரும்பொருள்:
எண்கள் பொருந்துகின்றன, சிலிண்டர் சீவப்படவில்லை. எதிரெதிர் அம்புகள் உண்டு. கடிதத்தில் எண் இல்லை.

நீலப்பூச்சு:
அப்படியானால் "கடையில் வாங்கியது" நிற்காது. அரசுக் கிடங்கிலிருந்து வந்த துப்பாக்கி அது. போருக்குப் பின் உபரியாக வாங்கியிருக்கலாம், ஆனால் கடிதம் அதைச் சொல்லவில்லையே.

ஆவணப்பித்தன்:
சாதாரண மார்க் VI விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். வரிசை எண், யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டில் கைமாறியது, இவற்றோடு கையெழுத்திட்ட வாக்குமூலம் குடும்பத்தார் தந்தால் கொஞ்சம் கூட்டலாம். பழைய உரிமச் சீட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் எண் இருக்க வாய்ப்புண்டு.

தோலுறை:
வாங்கினால் உறைக்குள் வைக்காதீர்கள். பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் நீலப்பூச்சை, அதாவது துருப்பிடிக்காமலிருக்க உலோகத்துக்குக் கொடுத்த கருநீலப் படலத்தை, அரித்துவிடும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசித் தனியே வையுங்கள். மெருகேற்றவோ மறுபடி நீலப்பூச்சுப் போடவோ கூடாது. பொறிப்பின் வயதைக் காட்டும் தடயமெல்லாம் அதோடு போய்விடும்.

உரிமம் பற்றி ஒன்று: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 வரை செய்தவைதான் பழம்பொருள். 1916 வெப்லி அந்தக் கணக்கில் வராது. மற்ற நாடுகளில் உற்பத்தி ஆண்டோடு காலிபரும் பார்ப்பார்கள், எனவே பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.